சித்தி கிழித்த திமிங்கிலம்

என் சித்திக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். சாரம் கட்டுவது அவள் தொழில். கடலோர நடைபாதையில் ஒரு மாதத்துக்கு மட்டும் நின்ற அந்தத் திமிங்கிலத்தை நிறுத்திவைத்தவளும் அவள்தான். உருவாக்கியது ஒரு சிற்பி அம்மாள். இரும்பு எலும்புக்கூடு, அதன்மேல் அந்த அம்மாள் கையாலேயே தைத்த வெள்ளைத் துணி. மூன்று மாடி உயரம்.

நடைபாதையில் துளை போடக் கூடாதென்று கண்டிப்பு. அதனால் அடியில் தொட்டிகளை வைத்துத் தண்ணீர் நிரப்பி, அந்தப் பாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கழற்றும்போது முதலில் துணி, பிறகுதான் தண்ணீர். இதைக் கூடவே வேலை செய்யும் சித்தப்பாவிடம் சொல்லிச் சொல்லியே சித்திக்கு வாய் வலித்திருக்கும்.

கடைசி நாள் மாலை நல்ல கூட்டம். மறுநாள் கழற்றுவதற்கான முன்வேலைக்கு நானும் உதவப் போயிருந்தேன். தரை ஈரமாக இருப்பதைச் சித்திதான் முதலில் கவனித்தாள்.

"தண்ணிய யாரு திறந்தது?"

"தெரியல சித்தி. சித்தப்பா போல்ட்டு கழட்ட உள்ள போனாரு."

அந்த நேரம் பார்த்தா கரையிலிருந்து காற்று கிளம்ப வேண்டும்? துணி உப்பியது. கரைப்பக்கத் தொட்டிகள் தரையை விட்டு எழும்பி, பொத்தென்று உட்கார்ந்தன. அதில் இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு, திமிங்கிலத்துக்குள் போகும் கதவு இறுகிவிட்டது. சித்தப்பா உள்ளிருந்து தட்டினார். இன்னொரு பெரிய காற்று அடித்தால் திமிங்கிலம் அவரோடு கடலுக்குள் போய்விடும். நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மரம் மாதிரி நிக்காதடா! கூட்டத்தத் தள்ளு!"

நான் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்ற மரியாதையெல்லாம் அவளிடம் கிடைக்காது. தள்ளினேன்.

சித்தி கத்தியை உருவிக்கொண்டு சிற்பி அம்மாளைப் பார்த்தாள். "அம்மா, கிழிக்கவா?"

அந்த அம்மாள் துணியை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "கிழிங்க," என்றார்.

ஆடிக்கொண்டிருந்த சட்டத்தில் சித்தி விறுவிறுவென்று ஏறினாள். உச்சியில் கத்தியைக் குத்தி, இழுத்துக்கொண்டே இறங்கினாள். துணி சர்ரென்று கிழிந்தது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் ஏறும்போது தொட்டிகள் மறுபடி எழும்பின. அவள் இறங்கவில்லை. இரண்டாவது கிழிசல் பாதி வந்ததும் காற்று ஊடே புகுந்து போனது. சட்டம் தடுமாறி நின்றது.

கூட்டம் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியாம்!

கடப்பாரையால் கதவை நெம்பினோம். சித்தப்பா தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். சித்தி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யாரக் கேட்டுய்யா திறந்த?"

"முதுகு வலின்னு ராத்திரியெல்லாம் நீ முனகின. நாளைக்கு வேலை சீக்கிரம் முடியட்டுமேன்னு..."

நல்ல வசவு விழும் என்று காத்திருந்தேன். சித்தி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சட்டையை மட்டும் விடவில்லை. அவரும் குனிந்தபடியே நின்றார்.

"முதுகு போனா போகுது," என்றாள் அழுகையோடு. "நீ போயிட்டா நான் யாரய்யா திட்டுறது?"