டாம்பீகமான சித்தப்பா

சித்தப்பா பாரிவாக்கத்தில் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று, தெருவே கேட்கும்படி மைக்கில் அவரை நான் திட்டினேன். திட்டுகிறேன் என்று எனக்குத் தெரியாது. புகழ்கிறேன் என்ற முழு நம்பிக்கையோடுதான் பேசினேன்.

அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பாதிப்பவர். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான் என்பதால், புதுமனை புகுவிழாவுக்கு வருபவர்களை நான்தான் வரவேற்றுப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' தொடங்கி எல்லாம் கைவசம் இருந்தது. வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஒரு சொல் அகப்படவில்லை. 'அழகான வீடு' சப்பென்று இருந்தது. 'பெரிய வீடு' என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"பாலைக் காய்ச்சினோமா, வந்தவங்களுக்குச் சோறு போட்டோமான்னு இல்லாம, பந்தலு, செண்டை மேளம், மைக் செட்டு... எதுக்குங்க உங்க தம்பிக்கு இவ்ளோ டாம்பீகம்?"

"ஆசைப்படறான். விடேன்" என்றார் அப்பா.

டாம்பீகம்! சொல்லிப் பார்த்தேன். வாய் நிறைந்தது. பந்தலும் மேளமும் மைக்கும் சேர்ந்தால் டாம்பீகம் என்று பொருளும் விளங்கிவிட்டது. கம்பீரம் என்ற சொல்லுக்கு அக்கா முறை போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

விழாவன்று பூஜை முடிந்து பந்தியில் இலை போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். மைக் செட்காரர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். "இன்னா பாப்பா, பயமா கீதா? வாய்க்கு ரொம்பக் கிட்ட வச்சிக்காத, கொய்ங்னு கத்தும்" என்றார். எனக்கு என்ன பயம்?

"என் சித்தப்பா மிகவும் டாம்பீகமானவர்" என்று வணக்கத்துக்குப் பிறகு தொடங்கினேன். பந்தலில் இருந்த பேச்சுச் சத்தம் அடங்கியது. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். "இது ஒரு டாம்பீகமான வீடு. அவருடைய டாம்பீகம் மேலும் மேலும் வளர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்."

உள்ளே சரக்கில்லாமல் வெளியே மினுக்குவதற்குத்தான் அந்தச் சொல் என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குத் தெரியும். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தியின் முகம் சிவந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த சித்தியின் அண்ணன் எழுந்தார்.

"யாரும்மா இதை எழுதிக் கொடுத்தது?"

அடுத்தவர் எழுதித் தந்ததைப் பேசுகிறவளா நான்? மைக்கிலேயே பதில் சொன்னேன். "நானே எழுதினேன். டாம்பீகம் மட்டும் அம்மா சொன்னது."

எல்லாத் தலைகளும் அம்மாவின் பக்கம் திரும்பின. அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்பா எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். சித்தியின் அண்ணன், "வயித்தெரிச்சலை வச்சிக்கிட்டு வாழ்த்த வந்தா இப்படித்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள், சித்தப்பா வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"அண்ணி சொன்னது சரிதான். டாம்பீகந்தான்" என்றார். "எங்க அப்பா செத்ததும் படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போறேன்னேன். அண்ணிதான் விடல. குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிட்டு வந்து வச்சிக்கிட்டாங்க. நான் படிச்சு முடிக்கிறவரைக்கும் அவங்க தன் கல்யாணப் பட்டைத் தவிர வேற பட்டு எடுக்கல. அவங்க பொறந்த வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அதே புடவையில போய்க் கடைசி வரிசையில உக்காந்துட்டு வருவாங்க. அவங்களை மேளதாளத்தோட ஒரு சபையில நடுவுல உக்கார வைக்கணும்னு அப்பவே நினைச்சேன். இந்தப் பந்தல் எனக்கில்ல. இங்க வந்து உக்காருங்க அண்ணி."

சித்தியே போய் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து பெரிய நாற்காலியில் உட்கார வைத்தாள். சித்தியின் அண்ணன் இருமிக்கொண்டே உட்கார்ந்தார். செண்டைக்காரர்கள் யார் சொல்லியோ அடிக்கத் தொடங்கினார்கள்.

அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். "போதும் தம்பி, சோறு ஆறுது. எல்லாரையும் சாப்பிடச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

அன்று பந்தியில் நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் பேசியதற்கு அதுவரை யாரும் மேளம் அடித்ததில்லை. கேட்டவர்கள் யாரும் அழுததில்லை. பாயசம் பரிமாற வந்த அம்மாவின் கண்கள் இன்னும் சிவந்திருந்தன. என் தலையில் குட்டுவதா தடவுவதா என்று தெரியாமல் அவள் கை ஒரு நொடி மேலேயே நின்றது. என் பேச்சு அவளை அவ்வளவு தூரம் உருக்கிவிட்டது என்று நினைத்து, இன்னொரு கரண்டி கேட்டேன்.