இருபது நிமிடம் படுத்திருந்த கோடு

1. செருப்பு

காலை 8.40. ஆபீஸ் வாசலில் முதலில் கண்ணில் பட்டது முதலாளியின் செருப்பு. பதினொரு மணிக்கு முன்னால் அவர் விழுப்புரம் ஆபீசுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

எங்களுடையது தனியார் பஸ் கம்பெனி. விழுப்புரம் – திண்டிவனம் ரூட். நான் டிராக்கிங் சீட். பஸ்ஸில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அனுப்புவதைத் திரையில் பார்ப்பது, முதலாளி கேட்டால் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவர் எதுவும் கேட்டதில்லை. இந்த சீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி, கண்டமங்கலத்திலிருந்து வரும் டிரைவர் அருள்தாஸ், அறிமுகமில்லாத ஓர் இளைஞர். முந்தின நாள் மாலை அருள்தாஸ் வழியில் இருக்கும் கூட்டேரிப்பட்டில் பிரேக் போட்டபோது, நின்றுகொண்டு வந்த முனியம்மாள் என்பவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இளைஞர் அவருடைய மகன்.

"பஸ்ஸு ஃப்ளைட்டு மாதிரி வந்துச்சின்னு எங்கம்மா சொல்லுது. இந்த ஆள வேலைய வுட்டு நிறுத்துங்க. இல்லன்னா நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"நிறுத்திடலாம் தம்பி" என்றார் முதலாளி, டீ சொல்லும் குரலில்.

அருள்தாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மொதலாளி, பதினாலு வருஷமா ஓட்டிக்கினு இருக்கேன். அஞ்சு மணிக்கு எடுக்கற வண்டி. ஆறு மணிக்கு திண்டிவனம். டைம் கீப்பர கேளுங்க. நாப்பது கிலோமீட்டரு, ஒரு மணி நேரம். ஃப்ளைட்டு நாப்பதுலதான் போவுதா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்தப் பொட்டியில எல்லாம் தெரியும்னுதான வாங்கி மாட்டிக்கினோம்? ஜல்தி எடு."

2. ஸ்கேல்

அந்த ஐந்து மணி டிரிப்பின் கோட்டுப்படத்தைப் பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்தேன். கீழே நிமிடம், இடப்பக்கம் கிலோமீட்டர். முதலாளி அதை வெகுநேரம் பார்த்தார்.

"மேல ஏறிக்கினே போவுதே. கடைசி வரிக்கும் ஸ்பீட ஏத்திக்கினே போயிருக்கானா?"

"இல்லங்க சார். அது தூரம். ஸ்பீடு இல்ல."

"அப்ப கோடு எப்பதான் கீழ வரும்?"

"பஸ்ஸு திண்டிவனத்துலேர்ந்து திரும்பி விழுப்புரம் வந்தா வரும்."

யாரும் சிரிக்கவில்லை. கோட்டின் உயரம் பஸ் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும்; எவ்வளவு வேகம் என்பதை அதன் சாய்வுதான் சொல்லும் என்றேன். ஸ்கேலை எடுத்து, கோடு தொடங்கும் புள்ளியையும் முடியும் புள்ளியையும் இணைத்து வைத்தேன். அறுபது நிமிடம், நாற்பது கிலோமீட்டர்.

"அருள்தாஸ் அண்ணன் சொன்னது சரிதாங்க."

அருள்தாஸ் கட்டிய கையை அவிழ்த்தார்.

ஆனால் கேள்வி விழுப்புரத்தைப் பற்றியதோ திண்டிவனத்தைப் பற்றியதோ அல்ல, கூட்டேரிப்பட்டைப் பற்றியது. ஸ்கேலை நகர்த்தி, கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால் கோட்டை ஒட்டினாற்போல் வைத்தேன். ஸ்கேல் நிமிர்ந்து நின்றது. விக்கிரவாண்டியைத் தாண்டியதிலிருந்து பத்து நிமிடத்தில் பதினாலு கிலோமீட்டர்.

"இந்த எடத்துல மணிக்கு எண்பத்து நாலு."

"பாத்தீங்களா?" என்றார் மகன்.

அருள்தாஸ் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீ எனக்கு வேண்டியவளா, வேண்டாதவளா?"

"சாவிய வெச்சிட்டுப் போ" என்றார் முதலாளி. அருள்தாஸ் சாவியை பிரிண்டின் மேலேயே வைத்தார்.

3. சாவிக்கு அடியில்

சாவி விழுந்தது இடது மூலையில். கோடு தொடங்கும் இடம் மறைந்துபோனது. மகன் அதை நகர்த்தினார்.

"இங்க ஏன் கோடு படுத்துக்கினு இருக்குது?"

"அங்க சாய்வு பூஜ்ஜியம். நேரம் போவுது, தூரம் போவல."

"வண்டி ரிப்பேரா?"

"இல்லங்க. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சி. இருபது நிமிஷம்."

"எதுக்கு?"

எனக்குத் தெரியாது. அருள்தாஸுக்குத் தெரியும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சீட்டெல்லாம் ரொம்பி, பத்து பேரு நின்னாதான் எடுக்கணும்னு ஆர்டரு. ஆறு மணிக்கு திண்டிவனத்துல இருக்கணும்னும் ஆர்டரு. லேட்டானா ரிட்டர்ன் டைம அடுத்த கம்பெனிக்காரன் அடிச்சிக்கினு போயிடுவான். ரெண்டு ஆர்டரும் நானா போட்டுக்கல."

மின்விசிறிக்கு பிரிண்டின் ஓரம் தூக்கியது. முதலாளி அதைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"ஏம்மா, நட்டுக்கினு நிக்கற இந்தக் கோட்ட கொஞ்சம் படுக்க வெக்க முடியாதா?"

"முடியும் சார். கீழ இருக்கற நிமிஷத்த அகலமா இழுத்தா படுத்துக்கும். ஆனா கணக்கு போட்டா அதே எண்பத்து நாலுதான் வரும்."

"ஒரே பேஜாரு."

மகன் படுத்திருந்த பகுதியின் மேல் விரலை வைத்திருந்தார். "அந்தப் பத்து பேருல எங்கம்மா ஒண்ணு. ஸ்டேஷனுக்குப் போனா நான் இப்ப யார் பேர சொல்றது?"

முதலாளி சாவியை எடுத்து அருள்தாஸ் பக்கம் தள்ளினார். "இனிமே டைமுக்கு எடு. ஆஸ்பத்திரி செலவு கம்பெனியுது தம்பி."

"காலி வண்டியா இருந்தாக்கூடவா?" என்றார் அருள்தாஸ்.

"எடுன்னா எடு."

"ரெண்டு நாள் கழிச்சி போன் பண்ணி மாத்திட மாட்டீங்களே?"

முதலாளி என்னைக் காட்டினார். "மாத்துனா அந்தப் பொண்ணு ஸ்கேல எடுத்துக்கினு வந்துடும்."

4. புதிதாக வருகிறவர்களுக்கு

ஒரு புள்ளியில் கோட்டின் சாய்வுக்குக் கல்லூரியில் வகைக்கெழு என்று பெயர். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே சொல்லத் தேவையில்லை.

இரண்டு முனைகளை இணைத்தால் கிடைப்பது சராசரி. சராசரியில் யாரும் விழுவதில்லை. ஏதோ ஒரு நிமிடத்தில்தான் விழுகிறார்கள். அந்த நிமிடத்தில் கோட்டை ஒட்டி ஸ்கேலை வையுங்கள். காகிதத்தில் கோடு எவ்வளவு நிமிர்ந்து தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். கிலோமீட்டரை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வேகம் கூடுதலாக வந்தால் அங்கேயே நின்றுவிடாமல், அதற்கு முன்னால் கோடு எங்கே படுத்திருக்கிறது என்றும் பாருங்கள். நான் அன்று அதைப் பார்க்கவில்லை. சாவியை நகர்த்தியவர் பார்த்தார்.

அடுத்த வாரம் அருள்தாஸின் ஐந்து மணி வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பியபோது நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். கையில் மாவுக்கட்டோடு முனியம்மாள் ஏறினார். உட்கார இடம் இருந்தது.