மேசையில் பேசிய தமிழ்

சிட்னியின் பரமட்டாவில் நான் வேலை செய்த மென்பொருள் கம்பனியில் எங்கள் பிரிவு முழுக்கத் தமிழர்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. மேலாளர் யாழ்ப்பாணத்து ஆள். அவர் ஒருவரை எடுத்தார், அந்த ஒருவர் தன் மச்சானைக் கொண்டுவந்தார், மச்சானின் சிநேகிதன் வந்தான், பிறகு நான். மேலாளரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். மீற்றிங் அறையில் ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டு, உண்மையான முடிவுகளை மத்தியானம் குசினி மேசையில், புட்டும் சம்பலும் நடுவில் இருக்க, தமிழில் எடுப்போம். யாருக்கு லீவு, எந்த வேலை பிந்தும், புதிதாக யாரை எடுப்பது, எல்லாம் அங்கேதான். மேல்மாடி வெள்ளைக்காரர்கள் எங்கள் ஒற்றுமையை மெச்சுவார்கள். கேட்க எங்களுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தளவில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் இணையச் சேவையை அரபு மொழியில் செய்துகொடுக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை வந்தது. மேற்கு சிட்னியின் அரபுக் குடும்பங்களில் கணினி படித்த எத்தனையோ பேர் டாக்சி ஓடிக்கொண்டும் கடைகளில் நின்றுகொண்டும் இருக்கிறார்கள். அவர்களை இந்தத் துறைக்குள் எடுத்து, பழக்கி, வேலையில் வைத்திருக்க வேண்டும். இதற்கு அண்ணையைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று நான் மனதார நம்பினேன். பொறியியல் பட்டத்தோடு வந்து பெற்றோல் நிலையத்தில் இரவும் பகலும் நின்றவர் அவர். போன இன்டர்வியூ எல்லாவற்றிலும் 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்', அதாவது இந்த நாட்டில் வேலை செய்த அனுபவம், இல்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களில் மைக்கைப் பிடித்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் இறங்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்லும்போது அவர் குரல் உடையும், எனக்கும் கண் கலங்கும். இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

நிபந்தனைப்படி வந்தவர் ஒரேயொருவர். ஈராக்கியப் பெண், என் வயது. பாக்தாத்தில் தொலைபேசிக் கம்பனி ஒன்றில் புரோகிராம் எழுதியவர். சிட்னிக்கு வந்து ஒரு குழந்தைகள் காப்பகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீர்தான் அவவைப் பழக்கி விடோணும். ஒரு வருசம் போகட்டும், பேமனன்ற் ஆக்கி விடுவம். நாங்கள் பட்ட பாட்டை அவவும் படக்கூடாது."

வந்த முதல் வாரமே வரவேற்பறைச் சுவரில் மாட்ட அவரைப் படம் எடுத்தார்கள். தலையில் ஒரு துணி கட்டிக்கொண்டால் பார்ப்பவர்களுக்கு அரபுப் பெண் என்று உடனே விளங்கும் என்று அண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்னிடம் அப்படியொன்று இல்லையே, உங்கள் மனைவியிடம் இருந்தால் வாங்கி வாருங்கள்" என்று அவர் சொல்ல, நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன். துணி இல்லாமலே படம் மாட்டப்பட்டது. அண்ணைக்கு அதில் கொஞ்சம் குறைதான்.

வேலையில் அவர் கெட்டிக்காரி. நாங்கள் எழுத்துகளை மட்டும் அரபுக்கு மாற்றிவிட்டு, முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தோம். அவர் திரையைப் பார்த்துவிட்டு, வலமிருந்து இடம் படிக்கிறவருக்கு 'அடுத்து' பொத்தானும் இடப்பக்கம்தானே இருக்க வேண்டும், அம்புக்குறி எல்லாம் திரும்ப வேண்டுமே என்றார். முழுச் சேவையையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிக் கட்டினோம். என் வேலை சோதித்துப் பார்ப்பது. பழக்கதோஷத்தில் நான் வலப்பக்கமே அமத்தி அமத்தி முதல் பக்கத்துக்குப் போய்ச் சேர்வேன். அவர் பக்கத்தில் இருந்து சிரிப்பார்.

மத்தியானம் எங்கள் மேசையிலேயே சாப்பிட்டார். அவருக்காக ஆங்கிலத்தில் தொடங்குவோம். முதல் வாய் சோறு உள்ளே போவதற்குள் தமிழுக்குச் சறுக்கிவிடுவோம். நான் மன்னிப்புக் கேட்டால், "பேசுங்கள், பேசுங்கள். என் மாமியார் பேசுவதே எனக்குப் பாதி விளங்காது, அவர் அரபுதான் பேசுகிறார்" என்பார். நாங்கள் சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரிப்பார். திராட்சை இலைக்குள் சோறு வைத்துச் சுருட்டிய டோல்மா கொண்டுவந்து எல்லோர் தட்டிலும் வைப்பார். அண்ணைக்கு அது உயிர். மூடி திறக்கும் முன்னமே தட்டை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

வருடம் முடியுமுன் அவருக்கு வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது. அரபு பேசும் வாடிக்கையாளர்களுக்குக் கணினி உதவி சொல்லும் வேலை. புரோகிராம் எழுதுவதல்ல, ஆனால் நிரந்தரம். என்னிடம்தான் யோசனை கேட்டார். நான் நேரே அண்ணையின் அறைக்குப் போனேன்.

"அவவை விடாதையும். இது என்ரை வாக்கு. அவவின்ரை கதிரை அவவுக்குத்தான்."

நான் அதை அப்படியே போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "நீங்கள் சொன்னால் சரி" என்று சொல்லி, அந்த வேலையை வேண்டாம் என்றுவிட்டார். திரும்பவும் புரோகிராம் எழுதுகிறவளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் தனக்கு ஆசை என்றார்.

சேவை திறந்து வைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றும் டோல்மா. அவர் மேசையைச் சுற்றி வந்து பரிமாறிக்கொண்டிருக்க, அண்ணை காலநிலை சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"மனிசியின்ரை தம்பி வேறை ஊரிலை இருந்து இஞ்சை மாறி வாறான். இவவின்ரை இடத்திலை போடுவம். திறப்பு விழாவுக்கு மினிஸ்டர் வருவார், அதுவரைக்கும் இவ இருக்கட்டும். ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ."

சுற்றிப் பார்த்தேன். மூன்று தலைகள் புட்டுக்குள் குனிந்திருந்தன.

"அண்ணை, நீங்கள் வாக்குக் குடுத்தனீங்கள். அவ வந்த வேலையை விட்டவ."

"அதுக்கென்ன செய்யிறது? எங்கடை ஆக்களையும் பாக்கோணும்தானே. லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் காணாது எண்டு சொன்னால் சரி. நீர் முகத்தை உப்பிடி வையாதையும், அவவுக்கு விளங்கீடும்."

லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ். எந்தச் சொல்லைச் சொல்லி மைக்கில் அழுதாரோ, அதே சொல். ஒரு வருடமாக எங்களோடு அதே மேசையில் சாப்பிட்டு வேலை செய்தவருக்கு. சொல்லிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில், "இன்றைக்கு இன்னும் ருசி" என்று சிரித்தார். அந்தப் பெண் முகம் மலர்ந்து, அடியிலிருந்த நல்லதாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் இன்னும் வைத்தார்.

எனக்கு வாய் நீளம் என்று அம்மா சின்ன வயதிலிருந்தே ஏசுவார். அன்றைக்கு அது பயன்பட்டது. எல்லோரும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னேன்: "இனி வைக்காதீர்கள். உங்கள் வேலையைத் தன் மச்சானுக்குக் கொடுக்கப் போகிறாராம். விழா முடியும்வரை உங்களுக்குச் சொல்லக் கூடாதாம். இப்போதுதான், தமிழில் சொன்னார்."

அவர் அண்ணையைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். அண்ணை வாயைத் துடைத்துக்கொண்டு, "இது அதைப் பற்றிப் பேசுகிற இடமில்லை" என்றார். அத்தனை வருடமும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்த மேசையில் இருந்துகொண்டு சொன்னார்.

அந்தப் பெண் மூடியை மூடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லிப்டடியில் ஓடிப்போய்ப் பிடித்தேன். கட்டிப்பிடிப்பார், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ தெரியாது. அவர் அழவில்லை.

"எவ்வளவு காலமாக?" என்றார்.

"இன்றைக்குத்தான். எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும்."

"ஒவ்வொரு நாளும் அந்த மேசையில் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்."

கிரிக்கெட்டைப் பற்றிச் சிரித்தோம், ஒருவன் லைசென்ஸ் சோதனையில் திரும்பத் திரும்ப விழுந்ததைப் பற்றிச் சிரித்தோம், உங்களைப் பற்றி ஒரு நாளும் இல்லை என்று சத்தியம் பண்ணினேன். அது முழு உண்மை. ஆனால் சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய்போலக் கேட்டது. "வேலையை வேண்டாம் என்று சொல்லச் சொன்னதும் நீங்கள்தானே" என்றார். லிப்ட் வந்தது, போய்விட்டார். விழாவுக்கு அவர் நிற்கவில்லை. சுவரில் படம் மட்டும் நின்றது. அமைச்சர் அதற்குக் கீழே நின்று அண்ணையோடு கைகுலுக்கினார்.

அண்ணையின் மச்சான் வந்தான். அவனையும் நான்தான் பழக்க வேண்டும் என்றார்கள். முடியாது என்றேன். கொஞ்ச நாளில் நானும் வெளியேற வேண்டி வந்தது. அதற்கிடையில் அண்ணை ஊரெல்லாம் சொல்லியிருந்தார், நான் எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், பிள்ளையைக் கூட்டிவரப் போன இடத்தில், ஓர் அன்ரி என் முகத்துக்கு நேரேயே கேட்டார்:

"ஒரு அராபிக்காரிக்காகவோ பிள்ளை, எங்கடை ஆக்களைக் காட்டிக் குடுத்தனீர்?"

காட்டிக்கொடுத்தவர் என்ற அந்தச் சொல்லைச் சொல்லி எங்கள் ஊரில் எத்தனை பேரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்று அந்த அன்ரிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். யுத்தம் முடிந்த ஈரம் காயாத நாட்கள் அவை. வாக்கை உடைத்தவர் எல்லோருக்கும் அண்ணையாகவே இருந்தார், நான் துரோகியானேன். இன்றைக்கும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்க விருப்பமும் இல்லை.

அடுத்த வருடம் பரமட்டா ஸ்டேஷனில் அந்த ஈராக்கியப் பெண்ணைக் கண்டேன். கழுத்தில் ஏதோ அலுவலக அட்டை தொங்கியது. எங்கே வேலை, என்ன வேலை என்று தெரியவில்லை. கூட வேலை செய்பவர்கள் போல இரண்டு பெண்கள் நின்றார்கள், மூவரும் அரபு பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தலையை அசைத்தார். நானும் அசைத்தேன், கிட்டப் போகக் கால் வரவில்லை. அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். மூவரும் சிரித்தார்கள்.

ரயில் பிந்துவதைப் பற்றியாக இருக்கலாம், மாமியாரைப் பற்றியாக இருக்கலாம். என் காது சூடாகிவிட்டது. என்னைப் பற்றி இல்லைத்தானே என்று கேட்க அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. கேட்டு, இல்லை என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.