அடுத்த கை

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில், சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சலித்துப்போய், அலுவலகத்தில் சிலர் சேர்ந்து ஓர் ஆப்பில் போக்கர் மேசை ஒன்றைத் தொடங்கினோம். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆட்டம். காசு கிடையாது. ஆப் ஆளுக்குக் கொஞ்சம் சிப்ஸ் கொடுக்கும். அது திரையில் தெரியும் ஓர் எண், அவ்வளவுதான். பிறகு சட்டம் வந்து காசு வைத்து ஆடும் ஆப்களெல்லாம் கடையைக் கட்டியபோதும் எங்கள் மேசை பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவருக்கு மட்டும் தெரியும்படி. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. அவை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கப் பந்தயம் ஏறும். பிடிக்காவிட்டால் சீட்டை மடக்கிவிட்டு ஒதுங்கலாம். கடைசியில் யாருடைய சேர்க்கை பெரியதோ அவருக்கு எல்லாம். ஒருவருக்கு வரும் சீட்டையும், அதை ஆடும் சுற்றையும் கை என்றே சொல்வோம்.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். எந்தக் கைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மனசுக்குள்ளேயே போட்டுவிடுவேன். அப்படியிருந்தும் முதல் வருஷம் முழுக்க நான்தான் மேசையிலிருந்து சீக்கிரம் வெளியேறுகிறவள். ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஒரு சனிக்கிழமை எனக்கு இரண்டு ஆஸ் வந்தது. அதைவிட நல்ல தொடக்கம் இந்த ஆட்டத்தில் இல்லை. டிசைன் பிரிவில் இருக்கும் ஒருவர், நான் ஏற்றிய பந்தயத்தைப் பார்த்தும் பயப்படாமல், இரண்டு ஏழுகளை வைத்துக்கொண்டு தன்னிடமிருந்த எல்லாச் சிப்ஸையும் உள்ளே தள்ளினார். நானும் அதற்கு ஈடாகத் தள்ளினேன். ஐந்தில் நான்கு தடவை நான் ஜெயிக்க வேண்டிய கை. கடைசிச் சீட்டாக மூன்றாவது ஏழு வந்து விழுந்தது. அவர் அரட்டைப் பெட்டியில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார்.

என்னிடம் இன்னும் பாதிக்கு மேல் சிப்ஸ் மிச்சம் இருந்தது. அது கொஞ்ச நேரத்தில் காலியானது. அந்த மனிதர் எந்தக் கையில் நுழைந்தாலும் நானும் நுழைந்தேன். மூன்றும் எட்டும் வந்தால்கூட மடக்கவில்லை. பிடரியில் சூடு ஏறியது நன்றாக நினைவிருக்கிறது. காசில்லாத ஒரு எண்ணுக்காக லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு, காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போய், துணியிடம் கோபத்தைக் காட்டினேன்.

அப்போதுதான் எங்கள் மேசையில் ஆடும் ஒருத்தி போன் செய்தாள். அவள் வேறொரு குழுவில் இருப்பவள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மலைமேல் இருக்கும் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். மேசையில் அதிகம் பேசமாட்டாள். வாராவாரம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருவாள், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

"அக்கா, அந்த ஆஸ் கை தோத்ததுல உங்க தெற்று ஒண்ணும் இல்ல கேட்டீங்களா," என்றாள். தெற்று என்றால் தப்பு. எஸ்டேட் தமிழில் மலையாளம் அப்படித்தான் புகுந்து புகுந்து வரும். "அதுக்கப்புறம் ஆடுனீங்களே, அதுதான் முழுக்கத் தெற்று."

"அந்த ஆள் ஆடுனது மட்டும் சரியா?"

"அந்த ஆள விடுங்க. அவரு ஆடுறது உங்க கையிலயா இருக்கு?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் இணைப்பைத் துண்டித்திருப்பேன். அவள் குரலில் கேலி இல்லை. அலுவலகம் மறுபடி திறந்திருந்தது; திங்கட்கிழமை காண்டீனில் சேர்ந்து சாப்பிடலாம் என்றேன்.

அந்த மதியத்திலிருந்து நாங்கள் பழைய கைகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினோம். ஆடி முடித்த ஒவ்வொரு கையையும் ஆப் சேர்த்து வைத்திருக்கும். முதலிலிருந்து படிப்படியாக ஓட்டிப் பார்க்கலாம். அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கடைசிச் சீட்டு திறப்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, திரையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொள்வாள். "இந்த நேரத்துல உங்களுக்கு என்னெல்லாம் தெரியும்? அத மட்டும் வச்சுச் சொல்லுங்க. இது சரியான ஆட்டமா?" என்பாள். எது ஜெயித்தது, எது தோற்றது என்று தெரியாமல் பார்க்கும்போது என் ஆட்டமே வேறொருவர் ஆடியது போலத் தெரிந்தது. நான் பெருமைப்பட்ட சில வெற்றிகள் வெறும் குருட்டு அதிர்ஷ்டம். நான் அழுத சில தோல்விகளில் திருத்த ஒன்றுமே இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் மாறியது. முன்பெல்லாம் பாதிக் கைகளுக்கு மேல் ஆடுவேன். இப்போது பெரும்பாலானவற்றை மடக்கினேன். எல்லோரும் பந்தயம் கட்டிய பிறகு கடைசியாக என் முறை வரும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தைரியம் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே. அரட்டைப் பெட்டியை மூடி வைத்தேன். பெரிய கை ஒன்று தோற்றால், ஒரு சுற்று ஒதுங்கியிருக்கும் பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவேன். இந்தக் கடைசி விதிதான் மிகவும் கஷ்டம். பிடரி சூடாகும் நேரத்தில், எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று மனசு சத்தியம் செய்யும். அந்தச் சத்தியத்தையே ஒதுங்க வேண்டிய நேரத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

தோல்வியின் சூட்டில் புத்தி தடுமாறுவதற்குப் போக்கரில் டில்ட் என்று பெயர். அது கோபக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் அவளிடம், "இன்னைக்கு உன் கைகளைப் பார்ப்போம். நீ ஆடினதை இல்ல, மடக்கினதை," என்றேன். பார்த்தால், ஜெயிக்கக்கூடிய கைகளைக் கூட, எதிராளி கொஞ்சம் பந்தயத்தை ஏற்றியதும் அவள் போட்டுவிட்டு ஓடியிருந்தாள். கையில் ஒன்றுமில்லாதபோது இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் ஏற்றும் பிளஃப், அவள் ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

"போனாப் போகட்டும்னு துணிஞ்சு வைக்க எங்க வீட்டுல யாருக்கும் வராதுக்கா," என்றாள். "இருக்கிறத இறுக்கிப் பிடிச்சே பழகிட்டோம்."

"அப்ப உனக்கும் டில்ட்தான். எனக்குக் கோபத்துல வருது, உனக்குப் பயத்துல. உன்னோடது சத்தம் போடாததால யாருக்கும் தெரியல."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மேசையில் கடைசியாக நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். அவள் எல்லாச் சிப்ஸையும் உள்ளே தள்ளினாள். அவளை எனக்குத் தெரியுமே, பலமான கை இல்லாமல் தள்ளமாட்டாள் என்று நான் ஒரு ஜோடி ராஜாவை மடக்கினேன். அவள் தன் சீட்டைத் திறந்து காட்டினாள். இரண்டும் ஏழும். அதைவிட மோசமான கை கிடையாது. உடனே போன் செய்து அவள் சிரித்த சிரிப்பில் என் பிடரிச் சூடுகூட மறந்துபோனது.

என் அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்கள் அப்பா காலத்திலிருந்து நடக்கும் ஜவுளிக் கடை அவன் பொறுப்பு. அம்மா அவன் வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். ஒருமுறை என் போனில் சீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டான்.

"ஏட்டி, காசு வச்சா ஆடுத?"

"காசே கிடையாதுண்ணே."

"பின்னே எதுக்கு ஆடுத?"

காசில்லாமல் சீட்டாடுவதுதான் அவனுக்கு இன்னும் பெரிய கிறுக்குத்தனமாகப் பட்டது.

அந்த வருஷம் ஜூன் மாத இடவப்பாதி மழை தொடங்கியிருந்தபோது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுபது தாண்டியவள், சர்க்கரை வேறு. டாக்டர் இரண்டு வழியையும் விளக்கினார். ஆபரேஷன் செய்தால் சர்க்கரையால் புண் ஆறச் சிரமப்படலாம். செய்யாமல் படுக்கவைத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், பெரும்பாலும் எழுந்து நடக்க முடியாது. அண்ணன் தயங்கினான். கத்தி வைக்க வேண்டாம் என்று அவனுக்கு உள்ளூர ஒரு பயம். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டு, இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு, ஆபரேஷன்தான் சரி என்று வற்புறுத்தினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். பிறகு காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடத்தில் சீழ். மறுபடி திறந்து கழுவ வேண்டும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"நீதான சொன்ன. நான் வேண்டாம்னேன். கேட்டியா நீ?"

பழக்கத்தில் என் வாய் கேட்டுவிட்டது. "அண்ணே, இப்ப நடந்தத ஒரு நிமிஷம் மறந்துட்டுச் சொல்லு. அன்னைக்கு நமக்கு என்ன தெரியும்? தெரிஞ்சத வச்சு நாம எடுத்தது தப்பா?"

"அம்மாவ வச்சுச் சீட்டு விளையாடுதியா?" என்று கத்தினான். நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னது நியாயமில்லை என்றாலும், நான் கேட்ட நேரமும் சரியில்லை. வலியில் இருப்பவனிடம் கணக்குக் கேட்டால் அது கணக்காகவே கேட்காது.

அவன் போனை எடுத்தான். "ஆம்புலன்ஸ் வரச் சொல்லுதேன். வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். இங்க ஒரு நிமிஷம் வைக்கப்பிடாது."

அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே கொட்டும் மழை. புது ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் அவனுடைய கழுத்தைப் பார்த்தேன். நரம்பு புடைத்து, காதுமடல் சிவந்திருந்தது. மூன்றும் எட்டும் வைத்துக்கொண்டு நான் ஆடிய அந்தக் கைகள் எல்லாம் எனக்கு அப்போது விளங்கின. தோற்ற கை முடிந்துவிட்டது. ஆபத்து முழுக்க இதற்கு அடுத்ததில் இருக்கிறது.

அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போனை என் மேல் எறிந்திருப்பான். "அண்ணே, சரி, மாத்துவோம்," என்றேன். "ஆனா நீ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. கீழ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம். டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வந்திருவாரு. அவரு மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேட்டுட்டு ஆம்புலன்ஸக் கூப்பிடு. நான் தடுக்கமாட்டேன்."

அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். காண்டீனில் இரண்டு சாயாவும் ஒரு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். தின்றான். பாதியில் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததேயில்லை. கடைப்பையன்கள் பார்க்க அவன் அழமாட்டான், வீட்டில் அம்மா பார்க்க அழமாட்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

டாக்டர் வந்ததும் அண்ணன்தான் கேட்டான், கடையில் சரக்கைப் பிரித்துப் பார்க்கிற நிதானத்தோடு. ஏன் சீழ் பிடித்தது, எந்த மருந்து, கழுவிய பிறகும் குறையாவிட்டால் என்ன. டாக்டர் பாதி மலையாளத்தில், பாதி இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை இருப்பவர்களுக்கு வரக்கூடியதுதான், சீக்கிரம் பிடித்துவிட்டோம், இந்த நிலையில் அசைப்பதுதான் பயம் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"இங்கயே இருக்கட்டும்," என்றான். "மதி." போதும் என்பதை மலையாளத்தில் சொன்னான்.

அன்றிரவு என் போனக்காட்டுத் தோழி எதுவும் கேட்காமல் ஒரு பாத்திரத்தில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அம்மாவின் புண் ஆற வெகுநாள் ஆனது. அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இப்போது வாக்கரோடு வீட்டுக்குள் நடக்கிறாள், படி இறங்க ஆள் வேண்டும். ஆபரேஷன் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. நாங்கள் அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வலியில் முனகும்போது அவன் என் பக்கம் திரும்பாமல் இருக்க முயல்வது எனக்குத் தெரிகிறது. எடுத்த முடிவு சரிதான் என்று நூறு தடவை சரிபார்த்துவிட்டேன். அம்மா முனகும் நேரத்தில் அது ஒரு துளி ஆறுதலும் தருவதில்லை. அதைத் தாங்குவதும், தெரிந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்கும் இந்த ஒழுங்கில் சேர்ந்ததுதான் போலிருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் இன்னும் நடக்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன வாரம் தன் சிப்ஸில் பெரும்பகுதியை ஒரே கையில் இழந்தாள். அடுத்த கைக்கு அவசரமாக நுழையப் போனவளை, "ஒரு சுற்று உட்கார்ந்திரு," என்று சொல்லலாமா என யோசித்தேன். சொல்லவில்லை. அவளுக்கே ஒரு வழி கிடைக்கும். என் சீட்டைப் பார்த்தேன். ஒன்பதும் நான்கும். மடக்கிவிட்டு, தோசைக்கு அரைக்க ஊறப்போட்ட அரிசியைப் பார்க்க எழுந்து போனேன்.