சத்தம் வண்டியில இல்ல, சாமி

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பித்தளைத் தட்டில் ஒரு இரும்புத் திருகு கிடக்கிறது. கட்டைவிரல் பருமன் இருக்கும். அதன் முனையில் ஒரு சின்னக் காந்தம். காரின் அடியில் பழைய ஆயிலை வடிக்கிற துளையை அடைத்துக்கொண்டிருந்தது அது. முதன்முதலாக அதைக் கழற்றிப் பார்த்த அன்று காந்தத்தின் மேல் இரும்புத் தூள் கம்பளிப்பூச்சியின் முடி மாதிரி குத்திட்டு நின்றது. இப்போது துடைத்து வைத்திருக்கிறேன். என் மனைவி அதைக் குப்பையில் போடுவாள், நான் போய் எடுத்து வருவேன். எதுக்குங்க இது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதைப் பார்த்தால் எனக்கு அக்கா வீட்டுக்காரர் நினைவு வரும். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தேன். மாமா அங்கே போர்மேன். பலகை அறுக்கிற இடத்தில் குவியும் மரத்தூளைச் சலித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அதைப் பசையில் குழைத்து ஆணிக்குழிகளை அடைப்பார்கள். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் குழி இருந்த இடமே தெரியாது. நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால் பூட்டினோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வருவேன். கேஸ் அடுப்பை அணைத்த பிறகும் போய்ப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். பட்டறையில் எல்லோரும் இதை வைத்துக் கேலி பேசுவார்கள், மாமாவும் பேசுவார். ஆனால் கேலி முடிந்ததும் என் தோளைத் தட்டி, "நீ போ மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பயம் போய்விடும். என் கல்யாணத்தன்று திருச்செங்கோட்டு மலைப் பாதையில் வேனின் டயர் வெடித்து நின்றபோது, முகூர்த்தம் போய்விடும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் படுத்து ஜாக்கி போட்டார். எழுந்தபோது முதுகெல்லாம் செம்மண். அப்படியே வந்து மேடையில் நின்றார். அந்தப் போட்டோ இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது.

மரத்தூள் நெஞ்சில் சேர்ந்து எனக்கு இழுப்பு வந்ததும் பட்டறையை விட வேண்டியதாயிற்று. கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று யோசித்தேன். மாமாதான் சொன்னார், வெளியே எவனிடமாவது வாங்கி ஏமாந்து நிற்காதே, என் வண்டியையே எடுத்துக்கொள் என்று. பழைய டீசல் கார். அவர் கையில் வெகுகாலம் ஓடியது. கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். சாவியைக் கொடுக்கும்போது அக்கா ஆரத்தி எடுத்தாள்.

கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி போடப் போகிற ஆட்களை ஏற்றிப்போவதுதான் எனக்கு வாடகை. பொழுது விடிவதற்கு முன்னால் மோகனூர்ப் பக்கம் போனால் பொழுது ஏறித்தான் திரும்புவோம். முதல் சில வருடங்கள் நிம்மதியாகத்தான் ஓடின. அப்புறம் ஒரு நாள் வேகத்தைக் குறைக்கும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. வண்டியில் இருந்தவர்களைக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். மாமாவிடம் ஓடினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"சத்தம் வண்டியில இல்ல, சாமி. உங்காதுக்குள்ள இருக்குது."

நான் நம்பினேன். நம்பாமல் எப்படி இருக்க முடியும்? எனக்குத்தான் இல்லாததெல்லாம் தோன்றுமே. சேலத்துக்குப் போய் காது டாக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். நன்றாக இருக்கிறது என்றதும் பயம் அதிகமாயிற்று. அப்படியானால் கோளாறு தலைக்குள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா வீட்டு விருந்துகளில் இது பெரிய சிரிப்பு. அதற்கப்புறம் வண்டியில் எஃப்எம்மைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டப் பழகினேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் மாமா அழுத்திச் சொல்லியிருந்தார். பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்குகிறதே, கிரவுன் என்போம், அதற்குள்ளே பல்சக்கரங்கள் ஊறுகிற ஆயிலை மாற்றவே கூடாது. குறைந்தால் அவரே வந்து மேலே கொஞ்சம் ஊற்றுவார். இப்போது சிந்தெட்டிக் ஆயில் என்று வருகிறதே என்று ஒரு தடவை கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அது தண்ணி மாதிரி இருக்கும், ஆயில் கசியாமல் பிடித்திருக்கிற பழைய சீல் தாங்காது, நடுரோட்டில் கக்கிவிடும், பழைய வண்டிக்குப் பழைய ஆயில்தான் என்றார். எவ்வளவு அக்கறை என்று நான் வீட்டில் வந்து சொன்னேன்.

போன மார்கழியில் கியர் விழவே மாட்டேன் என்றது. குளிரில் ஆயில் இறுகிப்போய், முதல் கியர் போடத் தோள்பட்டை வலித்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர், கியர் பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் சேர்த்தே சிந்தெட்டிக் ஊற்றிவிடலாம், சீல் ஒழுகினால் புது சீல் போட்டுக்கொள்ளலாம், அது ஒன்றும் உயிர் போகிற காரியமில்லை என்றார். மாமாவிடம் சொல்லாமல் நான் செய்த முதல் காரியம் அதுதான். ஆயில் எவ்வளவு பிடிக்கும், எந்த நம்பர், ஒழுகினால் எவ்வளவு நேரத்தில் தெரியும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, ஆயில் மாத்தப் போறமா, ஆப்பரேசன் பண்ணப் போறமா? உங்களுக்கு மயக்க மருந்து குடுத்தாத்தான் நான் வேல செய்ய முடியும் போல."

கியர் பாக்ஸ் ஆயில் கறுப்பாக, ஒழுங்காக வடிந்தது. கிரவுன் திருகைக் கழற்றியதும் எதுவும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தினார். பிறகு களி மாதிரி ஒரு கட்டி நழுவித் தட்டில் விழுந்தது. அவர் அதில் கொஞ்சம் எடுத்து டீசலில் அலசினார். டீசல் தெளிந்தபோது அடியில் பழுப்பாக, நார் நாராக ஒரு வண்டல் தங்கியிருந்தது. நான் கையை விட்டு இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் சலித்துச் சலித்து என் கைக்குப் பழகிய பொருள்.

"மரத்தூளுங்க. பல்லு தேஞ்சு சத்தம் போட்டா, இதத் திணிச்சு அமுக்கிட்டு வித்துருவாங்க" என்றார் மெக்கானிக். "யாருகிட்டங்க வாங்குனீங்க?"

"யாரோ ஒரு புரோக்கருங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டியை என் பேருக்கு மாற்றுவதற்கு முந்தின வாரம், பட்டறையில் என் கடைசி நாட்களில், மாமா என்னைக் கூப்பிட்டு, ஒரு டப்பா மரத்தூள் வேண்டும், வேட்டித் துணியில் சலி, மைதா மாவு மாதிரி இருக்கணும் என்றார். ஆணிக்குழிக்குத்தான் என்று நினைத்து, நன்றாக இருக்கட்டும் என்று இரண்டு தடவை சலித்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே போனேன். மாமா வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் மெதுவாகத்தான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கடலை உரிப்பதையும் நிறுத்தவில்லை.

"சத்தத்தோட குடுத்திருந்தா நீ வாங்கியிருப்பியா?"

"சொல்லியிருக்கலாமுங்க மாமா."

"சொல்லியிருந்தா ஒரு நாளாச்சும் நிம்மதியா ஓட்டியிருப்பியா? உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா மாப்ள? உன் நிம்மதிக்குத்தான் பண்ணுனது." உரித்த கடலையை ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார். "அக்காகிட்ட எதும் சொல்லிட்டிருக்காத."

வாங்கிக்கொண்டேன். கை தானாக நீண்டுவிட்டது. வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் உறைத்தது. காசு போனது ஒரு பக்கம். என் காது நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாரே, அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் சிரித்திருக்கிறார். நான் டாக்டர் வீட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அவருக்குத் தெரியும். விருந்தில் எல்லோரும் சிரித்தபோதும் தெரியும். இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை. அந்த முதல் சில வருடங்கள் நான் நிம்மதியாகத்தான் ஓட்டினேன். அவர் சொன்னதில் அது மட்டும் பொய் இல்லை.

கிரவுனைப் பிரித்துப் புதுப் பல்சக்கரம் போட்டு, சிந்தெட்டிக் ஆயில் ஊற்றியாயிற்று. சீல் ஒழுகவில்லை. போன மாதம் ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்கு அக்காவையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். மாமா முன்சீட்டில். நான் எஃப்எம் போடவில்லை. சேலம் தாண்டியதும் அவர் திரும்பி அக்காவிடம் சொன்னார்: "பாத்தியா, ஒரு சத்தம் இருக்குதா? எங்கையில இருந்த வண்டி." அக்கா பூரித்துப்போய், "நீங்க பாத்துக் குடுத்ததுங்க, வேற எப்படி இருக்கும்" என்றாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். முன்பெல்லாம் அவர் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் அடங்கும். அன்று ஓமலூர் வரும்வரை அந்தச் சத்தமில்லாமையைக் கேட்டுக்கொண்டே, வியர்த்த கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து தட்டிலிருந்த திருகை எடுத்துப் பார்த்தேன். அன்று துளைக்குப் புதுத் திருகு போட்ட மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிவந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடி இரும்பைக்கூட விடாமல் பிடித்து வைத்திருந்த காந்தம் இது. கூடவே கிடந்த மரத்தூளில் ஒரு இழைகூட அன்று இதில் ஒட்டியிருக்கவில்லை.