கேட்காமல் படித்த பத்துப் பாட்டு

மாங்காய்ப் பால் பட்ட செய்தித்தாளுக்கு ஒரு நெடி உண்டு. அச்சு மையும் அந்தப் பாலின் காரமும் கலந்து மூக்கில் ஏறும் அந்த நெடிக்கு நடுவில்தான் நான் இங்கிலீஷ் பாட்டுகளைப் படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கேட்கவில்லை. சித்தூர் பக்கத்துப் பங்காருபாளையம் மண்டியில் எங்கள் "நைனா", அதாவது அப்பா, மாங்காய்ப் பெட்டி கட்டுகிற கூலி வேலை செய்தார். பெட்டிக்குள் விரிப்பதற்குப் பெங்களூரிலிருந்து பழைய இங்கிலீஷ் பேப்பர்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அவற்றில் வாரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில், வெளிநாட்டில் அந்த வாரம் அதிகம் விற்ற பத்துப் பாட்டுகளை வரிசைப்படி போட்டிருப்பார்கள். பாட்டின் பேர், பாடியவர் பேர், போன வாரம் எந்த இடம், எத்தனை வாரமாக ஓடுகிறது என்று எல்லாம் கட்டம் கட்டி இருக்கும்.

அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தவன் என் அண்ணன் சேகர். எங்கள் தெருவிலேயே முதன்முதலாக இன்ஜினீயரிங் சேர்ந்தவன் அவன்தான், திருப்பதியில் ஹாஸ்டல். அவன் ரூமில் இருந்த மற்ற மூன்று பேரும் பெரிய ஊர்ப் பையன்கள், ஆளுக்கொரு வாக்மேன் வைத்திருந்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு தலையாட்டுவார்களே தவிர, இவனிடம் ஒருநாளும் கழற்றிக் கொடுத்ததில்லை. ஊர்ப் பேரை முதல் நாள் சொன்னதோடு சரி, அவன் பேர் "மேங்கோ" ஆகிவிட்டது. ஒரு வருஷம் முழுக்க அந்த ரூமில் ஒருவன்கூட அவனைச் சேகர் என்று கூப்பிடவில்லை. லீவு முடிந்து திறந்ததும் கல்லூரியில் இங்கிலீஷ் பாட்டுகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் போட்டி நடக்கப்போகிறது என்றும், லீவு தொடங்கிய வாரத்துப் பட்டியலிலிருந்துதான் கேட்பார்கள் என்றும், அதில் ஜெயித்துவிட்டால் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னான்.

எங்களுக்குத் தெரிந்த படிப்பு ஒன்றே ஒன்றுதான், "பைஹார்ட்". அந்தக் கோடை முழுக்க நான் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பேப்பரோடு உட்கார்ந்து, "நாலாவது?" "ஏழாவது?" என்று மாற்றி மாற்றிக் கேட்க, அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒப்பிப்பான். ஒன்று தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். எட்டாவது படிக்கிற எனக்கு வாத்தியார் வேலை தலைக்கேறிப் போயிருந்தது. சிவப்பு மை வாங்கி வைத்து மார்க்குகூடப் போட்டேன். நைனா ஒருநாள் கை கழுவ வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "பாட்டுன்னா காதால கேக்கறது. நீங்க இன்னாத்துக்கு அத்தப் படிச்சிக்கினு கீறீங்க?" என்றார். "உனக்கு ஒண்ணும் தெரியாது, நைனா" என்று சொன்னவள் நான்தான்.

கல்லூரி திறக்கும் நாளில் அவனை வழியனுப்ப நானும் நைனாவோடு சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எதிரிலிருந்த கேசட் கடையில் ஒரு இங்கிலீஷ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிடார் தனியாக வந்து, நின்று, மறுபடி வந்தது. அண்ணன் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றுவிட்டான். "பாப்பா, ஒரு நிமிஷம் இரு. இது இன்னா பாட்டுனு கடைக்காரர கேட்டுக்கினு வந்துடறேன்." திருப்பதி பஸ் அதற்குள் உறுமத் தொடங்கியிருந்தது. "பத்தும்தான் உனக்குத் தெரியுமே. வா, சீட்டு போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். நான் சொன்னால் கேட்பான், வந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து, வாரத்தின் நடுவில், பாகாலா வழியாக வரும் ரயிலில் சித்தூர் வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். "கிளாஸ் இல்லியாடா?" என்று அம்மா கேட்க, பையை மூலையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். சாயங்காலம் தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான். முதல் சுற்றில் வெறும் கேள்விதானாம், எந்தப் பாட்டு எந்த இடம், யார் பாடியது என்று. இவன் ஒன்று விடாமல் சொல்லச் சொல்ல, ஹாலே "சேகர், சேகர்" என்று கத்தியிருக்கிறது. "என் பேரச் சொல்லி கத்தனாங்க, பாப்பா" என்றபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான். இரண்டாவது சுற்றில் பாட்டைப் போட்டார்கள். அதில் அவனுக்கு ஒன்றுக்கும் பேர் தெரியவில்லை. முதலில் போட்டதே எங்கள் பட்டியலின் முதல் பாட்டு என்பது, விடையை அவர்களே சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. போட்டி நடத்தியவன் மைக்கில் தெலுங்கில், "எப்புடூ வினலேதா?" என்று கேட்டானாம், ஒருநாளும் கேட்டதே இல்லையா என்று. சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து "மேங்கோ" என்று குரல் வந்திருக்கிறது. நூற்றுக்கு நூறு போட்ட பேப்பரை அன்றே அடுப்பில் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன்.

அவன் திரும்பிப் போனான், படித்தும் முடித்தான். முதல் சம்பளத்தில் ஒரு வாக்மேன் வாங்கினான். அதற்குப் பிறகு ஊருக்கு வந்தால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவான். "எனக்குக் குடு" என்று நானும் கேட்கவில்லை, "கேளு" என்று அவனும் சொல்லவில்லை. பெங்களூர் போய், அங்கிருந்து அமெரிக்கா போய், இப்போது மாதத்துக்கு ஒருமுறை நைனாவின் முட்டிவலியை மட்டும் விசாரித்துவிட்டுப் போனை வைக்கிறான்.

மண்டியில் இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிதான், பேப்பர் விரிப்பதில்லை. கேசட் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். போன மாதம் திருப்பதியில் ஒரு துணிக்கடையில் என் மகளுக்காகக் காத்திருந்தபோது, கூரையிலிருந்த ஸ்பீக்கரில் கிடார் தனியாக வந்து, நின்று, மறுபடி வந்தது. வெளியே வந்த மகளிடம், "இது இன்னா பாட்டு?" என்று கேட்டேன். மகள் போனை உயர்த்திப் பிடித்தாள், திரையில் பாட்டின் பேர் வந்தது. எங்கள் பட்டியலின் முதல் பாட்டு.

மேடையில் அது ஒலித்ததுமே, சித்தூரில் கேட்ட பாட்டு இதுதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் அவன் கையைப் பிடித்து இழுத்ததுகூட நினைவுக்கு வந்திருக்கும். அன்று தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னவன், அதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.