நிம்மதியாகப் பயப்படுகிறவர்

ஜி கார்னர் மைதானத்து வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் பெலிண்டா போனில் படத்தைப் போட்டு, நேராகக் கடைசிக் காட்சிக்குத் தள்ளிவிடுவார். தொப்பிக்காரன் மாட்டுவான், துப்பாக்கி கீழே விழும். மனசு குளிர்ந்த பிறகு படத்தை முதலுக்கு இழுத்து, முறுக்கைக் கடித்தபடி பார்க்க ஆரம்பிப்பார்.

"கொலகாரன் யாருன்னு தெரிஞ்சுட்டா நிம்மதியா பயப்படலாம்ங்க" என்பது அவர் கட்சி.

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். போன மழைக்காலத்தில் வகுப்பு நடக்காத ஒரு நாள், 1940களில் எடுத்த கறுப்பு வெள்ளை ஆங்கில மர்மப் படம் ஒன்று போனில் தானாக வந்து மாட்டியது. படியேறும் ஒரு நிழல், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அந்த வேக ஆங்கிலம் பாதி புரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. "அதான் மூஞ்சி பேசுதே! கலர்ல எடுத்திருந்தா இந்தப் பயம் வருமா?"

வண்டி பழக வரும் சுராயாவிடமும் படத்தின் பெயருக்கு முன்னால் முடிவைத்தான் சொல்வார்.

"வக்கீல்தாம்மா கொன்னது. இப்ப தைரியமா பாரு."

"போங்கக்கா, இனிமே அதுல பாக்க என்ன இருக்கு?" என்று சுராயா தலையில் அடித்துக்கொள்வாள். பெலிண்டா அசரமாட்டார்.

கணவர் ஆசீருக்கு இதய வால்வை மாற்ற வேண்டும் என்றபோதுதான் அந்தத் தெம்பு ஆட்டம் கண்டது. "முடிவ மட்டும் சொல்லிருங்க டாக்டர்" என்று கேட்டே விட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சப்பறம்தாம்மா சொல்ல முடியும்."

ஆசீருக்குச் சிரிப்பு. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, "வசமா மாட்டிக்கிட்டியா?" என்று மனைவியைச் சீண்டிவிட்டுத்தான் போனார்.

வெளியே காத்திருந்த பெலிண்டா போனைத் தொடவே இல்லை. ஜெபமும் பாதியில் நின்றுபோனது. எந்தப் படமும் அவரை இப்படிப் பயமுறுத்தியதில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் யாருக்காகவோ திறந்தது.

மறுபடியும் திறந்தது. "ஆசீர் வீட்டுக்காரங்க யாரு?" நர்ஸ் முகக்கவசத்தை இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லபடியா முடிஞ்சுதும்மா."

பெலிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க சிஸ்டர். இப்ப மொதல்லேர்ந்து சொல்லுங்க."